வலது கதவின் பூட்டு

நான் சொன்ன ஒரு பொய்யால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று. பத்து வயதுப் பையனுக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபட்டதில்லை.

கோயம்புத்தூரில் பெரியப்பா பம்பு செய்யும் பட்டறை வைத்திருந்தார். குடும்பத்தில் கார் அவரிடம் மட்டும்தான். ஒருநாள் அதன் வலதுபக்கப் பின்கதவின் பூட்டு உடைந்துபோய், கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். சாமான் வாங்கப் போகிறவர் பழையதைக் கழற்றி மாதிரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்.

டிரைவர் அண்ணனுக்கு அன்று பட்டறையில் வேறு வேலை. "நீ கழட்டிக் கொண்டுபோய்க் காட்டி வாங்கியா கண்ணு" என்று திருப்புளியை என்னிடம் தந்தார். மழையில் நனைந்த முடிச்சு அவிழவில்லை. இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று இடதுகதவின் பூட்டைக் கழற்றிக் கொண்டுபோனேன். புதியதை வாங்கி வந்ததும், கழற்றிய இடதுபூட்டை அதன் இடத்திலேயே மாட்டிவிட்டேன். வலதுகதவு கட்டியபடியே இருந்ததைப் பார்த்தவர்கள், உடைந்ததை நான் திரும்ப மாட்டிக் கட்டியதாக நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் புதுப் பூட்டு வலதுகதவில் உட்காரவில்லை. நாக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. டிரைவர் அண்ணன் கடைக்குப் போய்க் கேட்டார். கொண்டுவந்த மாதிரிக்கு அச்சுப் பிசகாமல் கொடுத்ததாகக் கடைக்காரர் சாதித்தார். எனக்கும் விளங்கவில்லை. நான் பார்க்கத்தானே இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்?

"திருப்பிக் குடுத்துப்போட்டு வேற வாங்கியாரனுங்க" என்றார் டிரைவர் அண்ணன்.

பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பட்டறைய வெச்சுக்கிட்டு இதுக்குப் போயி கடைக்காரங்கிட்ட நிக்கறதா? ராவிப் போட்டா உக்காருது!"

தலைகீழாகத் திருப்பி, அரத்தால் ராவி, புதுத் துளை போட்டு மாட்டினார்கள். சில நாள் நன்றாகவே இருந்தது. மதுக்கரை போகும் வழியில் ஒரு திருப்பத்தில் கதவு திறந்துகொள்ள, பெரியம்மா வெளியே விழுந்து கை ஒடிந்தது.

ராவச் சொன்னது யார் என்று வீட்டில் எவரும் நினைவூட்டவில்லை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"கடைக்கு எந்தப் பூட்டடா கொண்டு போனே?"

"ஒடைஞ்சதத்தானுங்க பெரியப்பா."

இடதைக் கழற்றினேன் என்றால் சோம்பேறி என்று அடி விழும். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் பெரியப்பா டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அப்பக் கடைக்காரன் சரியாத்தான் குடுத்திருக்கறான். நடுவுல நல்லத வித்துப்போட்டு ஆகாதத மாட்டுனது யாரு?"

"ஏனுங்க, நான் செய்வனுங்களா? எனக்கே ஒண்ணும் புரியலீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லு கண்ணு."

எதைச் சொல்வது? பூட்டைப் பற்றிக் கேட்டார்கள், பதில் சொன்னேன். அதற்குள் இவர் எப்படித் திருடரானார்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேர் அவரோடு அவர் வீட்டுக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது.

இடதுபூட்டும் வலதுபூட்டும் கண்ணாடியில் பார்த்தாற்போல் எதிரெதிரானவை என்ற கணக்கு பொறியியல் படித்தபின் விளங்கியது. அவரைத் தேடிப் போகத் துணிவு வரவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் விசாரித்துக்கொண்டு சரவணம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். அதன்பின் கார் ஓட்ட யாரும் அவரைக் கூப்பிடவில்லையாம். மூட்டை தூக்கியே காலத்தை ஓட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? நான் எடுக்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றவர், உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "இவகிட்டச் சொல்லுங்க."

அந்த அம்மாளிடம் முதலிலிருந்து சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இத்தன வருசங் கழிச்சு, இப்படிச் சொல்றதுக்கு இந்தப் பெரியவர எங்கிருந்துங்க புடிச்சாந்தீங்க?"

உண்மைதான் அம்மா என்று சத்தியம் செய்தேன். "இருங்க, காபி போட்டுக்கிட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டார். டிரைவர் அண்ணன் அதன்பின் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.