நூறு ரூபாய் அறுபத்து மூன்றரை ஆன நாள்

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் யாராவது ஒரு சேதியைச் சொன்னால், "யார் சொன்னது?" என்று கேட்பார்கள். "ரேடியோ ரூம் பெரியதம்பி" என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. நான் ஜான் பாஷா, ரேடியோ ரூமுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவன். யாரையும் புகழ்வது என் வழக்கமில்லை. பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் ஓட்டை எங்கே என்றுதான் கண் போகும். பெரியதம்பியிடமும் ஓர் ஓட்டை இருந்தது. அதை அவன் அடைத்த விதத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரேடியோ ரூம் என்பது பஞ்சாயத்துப் பூங்காவில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு ரேடியோ, வெளியே வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். வேளைக்குச் சுவிட்சைப் போட்டு வேளைக்கு அணைப்பதுதான் அவன் உத்தியோகம். தொண்டூர்க்காரன், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். அவன் நைனா ஊரில் தண்டோரா போடுகிறவர். மணியக்காரர் சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் நாலு தெரு மூலையிலும் கூவ வேண்டும். மகனும் அந்தக் குச்சியைத்தான் பிடிப்பான் என்று ஊர் நினைத்திருந்தபோது, அறுபத்தொன்றில் இங்கே வந்து சுவிட்சைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் செய்தி கேட்கக் கூட்டம் சேரும். ஒருநாள் ரேடியோ, "உணவு தானியக் கையிருப்பு திருப்திகரமாக உள்ளது" என்றது. கூட்டத்தில் ஒருத்தர், "இன்னா சொல்றான்?" என்றார். வரி கட்டச் சொல்லி அறிவிப்பதற்காக வைத்திருந்த மைக்கைப் பெரியதம்பி எடுத்தான்.

"அரிசி இருக்குதாம். ரேஷன் கடைக்கு எப்ப வரும்னு மட்டும் சொல்லல."

பூங்காவே சிரித்தது. அன்றிலிருந்து செய்தி முடிந்ததும் பத்து நிமிஷம் அவன் பேச்சு. பட்ஜெட், சட்டசபை, சர்க்கரைத் தட்டுப்பாடு எல்லாவற்றையும் நம் பாஷையில் உடைத்து வைப்பான். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு விலை சொல்வதற்கு மூன்று மண்டியில் நேரில் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற ஸ்பெஷல் பஸ்ஸைக்கூட, அவன் முடிக்கட்டும் என்று கண்டக்டர் நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மைக்கில் பேச அவனுக்கு உத்தரவு கிடையாது. பஞ்சாயத்து நிர்வாக அதிகாரி பக்கத்து ஆபீஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, கேட்காதவர் மாதிரி வீட்டுக்குப் போவார்.

அறுபத்தாறு ஜூன் மாதம். ரூபாயின் மதிப்பு முப்பத்தாறரை சதவீதம் குறைக்கப்பட்டதாகக் காலைச் செய்தியில் சொன்னார்கள். அதற்கு மேலும் ஏதோ சொன்னார்கள். நம் ஆள் காதைத் தீட்டாமல் பென்சிலைத் தீட்டிக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். மைக்கைப் பிடித்தான்.

"நூறு ரூபா நோட்டு வச்சிருக்கீங்களா? இன்னியிலேர்ந்து அது அறுபத்து மூணரை ரூபாதான்!"

அவ்வளவுதான், ஊர் தலைகீழானது. நாளைக்கு இன்னும் குறைந்துவிட்டால்? நோட்டு வைத்திருந்தவனெல்லாம் கடைக்கு ஓடினான். சிரிக்காதீர்கள், நானும் ஓடினேன். இரண்டு டஜன் டியூபோடு திரும்பி வந்தேன்.

மத்தியானம் சிங்கவரத்துப் பூவாயி ரேடியோ ரூம் வாசலில் வந்து நின்றாள். அரைக் காணி மானாவாரி நிலத்தை ஒண்டியாகப் பார்க்கிறவள். இடுப்பில் பாதி நிரம்பிய கோணிப்பை.

"மண்டிக்காரரு நீ சொன்ன கணக்குப்படிதான் தம்பி நோட்ட கொறச்சி எடுத்துக்கினாரு. வெத மல்லாட்ட கொஞ்சந்தான் வந்துது. மூணுல ஒரு பங்கு நெலத்துக்குக் காணல. மீதியத் தரிசாவா போட்றது?"

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியே கேட்டாள். அதுதான் அவனைக் குத்தியது.

மத்தியானச் செய்தியை ரேடியோவில் காதை ஒட்டிக் கேட்டான். வெளிநாட்டு நாணயங்களோடு மாற்றிக்கொள்ளும்போதுதான் ரூபாயின் மதிப்பு குறைவு என்றது ரேடியோ. அவன் முகம் செத்துவிட்டது.

அதிகாரி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ மைக்ல பேசறதே தப்பு. அதுல தப்பா வேற பேசினேன்னு நீயே ஒத்துக்கினா, நான் நடவடிக்க எடுத்தே ஆவணும். வாய மூடிக்கினு இரு. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

நானும் அதையேதான் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"பாய், எங்க நைனா தண்டோரால தப்பு இருந்தா அது மணியக்காரர் தப்பு. அவருக்குன்னு ஒரு தப்புகூட கெடையாது, சொந்தமா ஒரு வார்த்த இருந்தாத்தான தப்பும் இருக்கும்? இது நான் சொன்னது. என் தப்பு," என்றான். பிறகு, "இனிமே என் பேச்ச எவன் நம்புவான், பாய்?" என்று கேட்டான்.

பூவாயியைக் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனான். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். மண்டிக்காரர் சிரித்தார்.

"நீதானப்பா மைக்ல சொன்ன?"

"ஆமாங்க, நான்தான் சொன்னேன், தப்பா சொன்னேன். சாயங்காலம் சரியாச் சொல்லப் போறேன். இந்தம்மாவுக்கு நீங்க வெத அளந்ததையும் சேத்துச் சொல்லட்டுங்களா?"

மண்டிக்காரர் சிரிப்பை நிறுத்தினார். மரக்காலைத் தானே எடுத்துக் குறைந்த விதையை அளந்து போட்டார்.

சாயங்காலம் பூங்கா நிரம்பியிருந்தது. அவன் ஒரு வார்த்தையையும் விழுங்கவில்லை.

"காலையில நான் சொன்னது தப்பு. வெளிநாட்டுக்காரன்கிட்ட சரக்கு வாங்கறப்பத்தான் நம்ம ரூபா எளச்சிப் போச்சி. நம்மூர்ல நூறு, நூறுதான். நாளைக்கு வெலவாசி ஏறலாம், அது வேற சேதி. ரேடியோ சரியாத்தான் சொல்லிச்சி. நான்தான் முழுசா கேக்கல."

மறுநாள் விடிந்ததும் என்னிடம் சைக்கிள் எடுத்துக்கொண்டு சிங்கவரத்துக்கும் தொண்டூருக்கும் போய், தெருத்தெருவாக அதையே சொன்னான். அவன் நைனா தண்டோரா போட்ட அதே தெருக்களில், யாரும் சொல்லிக் கொடுக்காத சேதியை அவன் சொன்னான். திரும்பி வந்தபோது மேஜைமேல் உத்தரவு காத்திருந்தது. இனி மைக்கைத் தொடக்கூடாது.

மூன்று நாள் சுவிட்சை மட்டும் போட்டான். செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டுத் தலைகுனிந்து உள்ளேயே இருந்தான். ஜனங்கள் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். நாலாம் நாள் செய்தி முடிந்தது, ரேடியோ நின்றது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று. அதிகாரி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா, நியூஸ்தான் முடிஞ்சிடுச்சே? வீட்டுக்குப் போங்க."

முன்வரிசையில் இருந்த பூவாயி எழுந்தாள்.

"அது ரேடியோ சொன்னதுங்க ஐயா. தப்பா சொன்னா வீடு தேடி வந்து சொல்ற ஆளு இன்னும் சொல்லலியே."

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அறைப் பக்கம் திரும்பி, "யோவ் பெரியதம்பி, சீக்கிரம் சொல்லி அனுப்புய்யா" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். முழுக்கச் சாத்தவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது. ஐந்து வருஷமாகத் தினமும் பேசியவன் ஒருநாளும் தன் பெயரைச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னான்.

"வணக்கம். தொண்டூர் பெரியதம்பி சொல்றேன்."

அப்புறம் அன்றைய வேர்க்கடலை விலையைச் சொன்னான்.