அரசி அக்காவின் பிஸ்கட் டின்

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு முன்னால் உள்ள கடையில் ரோல்ஸுக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. "அங்கிள், அம்மா மோசம் போயிட்டா," என்றாள் அரசி அக்காவின் மகள். அக்கா இறந்துவிட்டார். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அடுத்த அழைப்பு எங்கள் மூத்தோர் சங்கத் தலைவரிடமிருந்து. "செயலாளர் நீர்தானே. நினைவு மலருக்கு நல்லதா நாலு வரி எழுதும். பழைய பிரச்சினையள் ஒண்டும் வேண்டாம்." மன்னிக்க வேண்டும், தலைவரே. அந்தப் பிரச்சினைகளை எடுத்துவிட்டால் அக்காவைப் பற்றி எழுத என்ன மிஞ்சும்? அவரைச் சாதுவான கிழவியாக எழுத எனக்குக் கை வராது.

எண்பத்தெட்டு வயதில், வோக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் வாக்களிக்கப் போனதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தபாலில் போடலாம் என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. பென்டில் ஹில் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் அதிகாரி ஒருவர் அவரை முன்னுக்கு வரச் சொன்னார். "நோ தாங்க்யூ" என்று வரிசையிலேயே நின்றார். என்னோடு வந்த என் மகன், "வோட்டுப் போடாட்டில் பைன் அடிப்பாங்கள் எண்டுதான் வந்தனான்," என்று முணுமுணுத்தான். அக்கா திரும்பினார். "ராசா, என்ரை அம்மாவுக்கு வோட்டுக் குடுத்தாங்கள், போட விடேல்லை. நீ போடமாட்டன் எண்டு நிக்கிறாய், இவங்கள் விடுறாங்கள் இல்லை. குடுத்து வைச்சனி, பேசாமல் நில்."

அது வெறும் பேச்சில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், வெள்ளைக்காரர் ஆண்ட இலங்கையில், இருபத்தொரு வயதான ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. சொத்தும் படிப்பும் உள்ள பெரிய மனிதர்கள் பலர், குசினியில் அடுப்பூதி நிற்பவளுக்கும் வாக்கா என்று கொதித்தார்கள். அக்காவின் அப்பா மலாயா ரயில்வேயில் கிளார்க். உலகமெங்கும் வியாபாரம் படுத்த காலத்தில் வேலை போய் யாழ்ப்பாணம் திரும்பியவர். அம்மாவின் தையல் மெஷினில்தான் வீடு ஓடியது. அந்த அம்மா தன் முதல் வாக்குக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தாராம். அதற்குள் யாழ்ப்பாணத்து இளைஞர்கள், முழுச் சுதந்திரம் தராத தேர்தலே வேண்டாம் என்று பகிஷ்கரித்தார்கள். வேட்பாளராக ஒருவரும் மனுக் கொடுக்கவில்லை. அங்கே தேர்தல் நடக்கவில்லை.

"அவையள் கொள்கைக்காக நிண்டவை, அக்கா. எங்கடை அப்புவும் அதிலை நிண்டவர்," என்று ஒருமுறை சண்டைக்குப் போனேன்.

"கொள்கை நல்லதுதான், தம்பி. ஆரு இல்லையெண்டது? அம்மாவை ஒருத்தரெண்டாலும் கேட்டவையோ?"

 

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். எங்கள் சங்கத்தில் தேர்தல் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமைக்கு முன்பே தலைவரும் நானும் போனில் பெயர்களைப் பேசி முடித்துவிடுவோம். கூட்டத்தில் "ஏகமனதாக" என்று வாசிப்பேன். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். ஐந்து வருடங்களுக்கு முன் அக்கா தலைவர் பதவிக்கு மனு எழுதி என் கையில் தந்தார். மனுக் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது. நான் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நேரம் முடிஞ்சுது, அக்கா," என்றேன். பொய். மண்டபம் முழுவதும் கேட்க அவர் சொன்னார்: "அம்மாவின்ரை வோட்டைப் பெரிய மனுசர் பறிச்சவை. என்ரையை நீர் சட்டைப் பைக்குள்ளை வைச்சிட்டீர்."

அடுத்த வருடம் காலையிலேயே வந்து, எல்லோர் முன்னிலையிலும் மனுவைத் தலைவரின் மேசையில் வைத்தார். மூடியில் துளை வெட்டிய பிஸ்கட் டின் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். சங்கத்தின் வரலாற்றிலேயே முதல் தடவையாக வாக்கெடுப்பு நடந்தது. அக்காவுக்கு விழுந்தவை ஏழு. அதில் என்னுடையது இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆறுதல் சொல்லப் போனால், மனுசி வடையைக் கடித்தபடி சிரிக்கிறார்! "இப்பதான் தம்பி நான் தோத்தனான். போன வருசம் நீங்கள் என்னைத் தோக்கவும் விடேல்லை."

அதற்குப் பிறகு முழங்கால் அவரை வீட்டோடு வைத்துவிட்டது. நாங்களும் பழையபடி ஏகமனதுக்குத் திரும்பிவிட்டோம். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் தலைவர் மறுபடி போன் எடுத்தார். "வாற ஞாயிறு கூட்டம். அக்காவுக்கு மரியாதையா இந்த முறையும் போட்டியில்லாமல் செய்வம், என்ன?"

மரியாதையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் அந்த டின்னை ஊசி நூல் போட வைத்திருந்தாள். கேட்டதும் கொட்டிவிட்டுத் தந்தாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. நான் ஒளித்த அந்த மனு, மடித்த மடிப்போடு. இந்த டின். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கொண்டு வருவேன். தலைவர் பதவிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் தோற்பேன், தெரியும். ஆனால் இந்த முறை எண்ணித்தான் என்னைத் தோற்கடிக்க வேண்டும்.