பூம்பாறை பஸ்ஸும் கண்ணாடி நட்சத்திரமும்

இளங்கலை உளவியல் இரண்டாம் ஆண்டில் எனக்கு வந்த செய்முறை, கண்ணாடியைப் பார்த்து வரைவது. பலகையில் ஒரு நட்சத்திரம் இருக்கும். கையை ஒரு தட்டி மறைத்துவிடும். எதிரே நிற்கும் கண்ணாடியை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ் என்பதால் பென்சில் எதிர்ப்பக்கம் ஓடும். முதலில் இடது கையால் ஒரு முறை, பிறகு வலது கையால் ஐந்து முறை, மறுபடி இடது கை. வலது கை பழகியது இடது கைக்கும் வருகிறதா என்பதுதான் கேள்வி. பத்துப் பேரிடம் செய்து பார்க்க வேண்டும்.

சனி, ஞாயிறு முழுக்கப் பலகையோடு மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் பூம்பாறையில் அலைந்தேன். பூண்டு எடுக்கும் சமயம். அப்பாவே, "அடுத்த வாரம் பாப்போம்த்தா" என்று தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். ஓர் ஆள்கூடக் கிடைக்காமல், திங்கட்கிழமை பலகையோடு கல்லூரிக்கு முதல் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் சாலைக்குக் குறுக்கே யூகலிப்டஸ் மரம் ஒன்று விழுந்து கிடந்தது. வெட்ட ஆள் வர வேண்டும். எல்லோரும் இறங்கினோம். கேரட் மூட்டையோடு வந்த அக்கா ஒருவர் என் பலகையைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"குடு பாப்போம். மரம் வெட்டுற வரைக்கும் வேற என்ன சோலி கெடக்கு."

சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து ஆரம்பித்தார். பென்சில் முதல் முனையிலேயே சிக்கிக்கொண்டது. "எங்கையே எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று சிரித்தார். வலது கை ஐந்தாம் தடவை வெரசாக முடித்தது. அடுத்து இடது கை. முதலில் ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த பாடம் அது. அவர் கேட்டபோதுதான் எவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கு உறைத்தது.

அதற்குள் பலகைக்கு முன்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. கண்டக்டர் என் செல்போனை வாங்கி நேரம் பார்த்தார். ஆரம்பிக்க ஒரு விசில், முடிக்க இரண்டு. பத்தாவது ஆளாக டிரைவர் உட்கார்ந்தார்.

"இம்புட்டு வளைவுல பஸ்ஸத் திருப்புறீங்க, ஒரு நட்சத்திரத்துல சிக்கிக்கிட்டு நிக்கிறீங்களேண்ணே" என்றார் கண்டக்டர்.

மரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்க வண்டிகள் ஹாரன் அடித்தன. டிரைவர் தலையை நிமிர்த்தவில்லை.

"இருங்கப்பா, எடது கை பாக்கி இருக்குல்ல."

பஸ்ஸில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. அவர் முடித்ததும் கை தட்டினார்கள்.

கல்லூரிக்குப் போனபோது இரண்டு வகுப்புகள் முடிந்திருந்தன. செம்மண் ஒட்டிய தாள்களைப் புரட்டிய ஆசிரியை, "இதெல்லாம் எங்க எடுத்தீங்க?" என்றார்.

"ரோட்டுலங்க மேடம்."

வகுப்பின் முன்னால் நிறுத்தி முழுக்கதையையும் சொல்லச் சொன்னார். கதையில் டிரைவர் வந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மலைக்காட்டுக்காரி என்று சிரிப்பார்களோ என்று, நான் பூம்பாறைக்காரி என்பதை அன்றுவரை அந்த வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை.