தகரக் கூரையின் கீழ் நானூற்றைம்பது

தமிழ்நாடு, கேரள எல்லையில், பனச்சமூடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே ஷெர்லி டிடிபி சென்டர் நடத்திவந்தாள். அவள் கம்ப்யூட்டரில் தட்டாத கல்யாண அழைப்பிதழ் அந்த வட்டாரத்தில் குறைவு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தமிழிலும் பெண் வீட்டுக்கு மலையாளத்திலும் ஒரே மூச்சில் அடித்துக்கொடுப்பாள். கணவன் ஆன்டோ வீடுகளுக்கு வயரிங் செய்பவன்.

1999 மார்ச்சில், ஆரியங்கோட்டு வாசகசாலையின் செயலாளர் அப்புக்குட்டன் ஒரு பெட்டி நிறைய பழைய போட்டோக்களோடு படியேறி வந்தார். பொன்விழா மலர். இரண்டு மொழி, நூற்றிருபது பக்கம், எண்பது படம்.

ஷெர்லியின் கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் அவள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். புராசசர் செலரான் 300ஏ. மதர்போர்டின் வேகம் அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ். அதை நாலரை மடங்காக்கி முந்நூறில் ஓடும். மடங்கை மாற்ற வழியில்லை. போர்டின் வேகத்தைக் கூட்டினால் புராசசரும் கூடவே ஓடும் என்று அவள் பத்திரிகையில் படித்திருந்தாள். போர்டில் வேகத்தைக் குறிக்கும் சின்னச் செருகி, ஜம்பரை மாற்றி எண்பத்துமூன்றில் வைத்தாள். இரண்டு நாள் பறந்தது. மூன்றாம் நாள் ஹார்ட் டிஸ்கில் பதினோரு பக்கங்கள் எழுத்துச் சிதைந்து ஆணியும் பூச்சியுமாகக் கிடந்தன.

அழவில்லை. ஜம்பரைப் பழையபடி வைத்துவிட்டு, ஒரு வாரம் காரணம் தேடினாள்.

"இஞ்ச பாருங்க," என்று ஆன்டோவிடம் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினாள். "டிஸ்க்குக்குப் போற வேகம் முப்பத்திமூணுதான் இருக்கணும். போர்டுல உள்ள நம்ம சிப்செட், போர்டு வேகத்தைப் பாதியாக்கித்தான் அங்க அனுப்பும். எம்பத்திமூணுல பாதி நாப்பத்தொண்ணு. டிஸ்க் தாங்காது. பிஎக்ஸ் சிப்செட்டுன்னா நூறுல ஓடும், அத மூணாப் பங்கு போட்டு அனுப்பும். சரியா முப்பத்திமூணு."

"அப்ப புராசசர்?"

"நானூத்தம்பது! டிஸ்க்குக்கு ஒண்ணும் தெரியாது."

ஆன்டோ பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கரண்டு எவ்வளவு இழுக்கும்? நம்ம யூபிஎஸ் சின்னதாக்கும்."

"அதுக்குத்தானே நீங்களும் வாறிய."

சனிக்கிழமை இருவரும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஆன்டோவின் பையில், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் வயர்மேன்களின் கிளிப் மீட்டரும், ஒற்றை வயரைத் தனியே பிரித்து எடுத்த எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இருந்தன. கம்ப்யூட்டர் கடைக்காரர் சோமன் பிஎக்ஸ் போர்டை மேசைமேல் வைத்து, ஷெர்லி கொண்டுவந்த புராசசரையும் நூறுக்கு ஏற்ற புது மெமரியையும் பொருத்தினார். கம்ப்யூட்டர் நானூற்றைம்பது என்று காட்டியதும் ஷெர்லி ஆன்டோவின் கையைக் கிள்ளினாள்.

சோமனுக்கு உற்சாகம் பொங்கியது. "சேச்சி, நில்லுங்க!" என்று வோல்டேஜை இரண்டிலிருந்து இரண்டே காலுக்குத் தள்ளி, போர்டை நூற்றுப்பன்னிரண்டுக்கு ஏற்றினார். "ஐநூத்திநாலு! தலஸ்தானமான திருவனந்தபுரத்துல ஆருக்கு உண்டு இது?"

சின்னக் கரண்டும் சரியாகத் தெரிய, ஆன்டோ வயரை மீட்டரின் வாயில் பத்துச் சுற்று சுற்றி, வந்த எண்ணைப் பத்தால் வகுத்தான். "எட்டி, வோல்டேஜு ஏத்துனதும் இழுப்பு நல்லா கூடிப்போச்சு."

"இந்தக் கடையில ஏசி உண்டு," என்றாள் ஷெர்லி. "எங்க மாடி தகர ஷீட்டாக்கும், இந்தச் சூடு தாங்காது. வோல்டேஜ் ரெண்டுலயே கெடக்கட்டும். நூறு போதும், அண்ணாச்சி. இப்பிடியே மூணு மணிக்கூர் ஓடட்டு. நாங்க சோறு தின்னுட்டு வாறோம்."

"நானூத்தம்பது மதியா சேச்சிக்கு?" அது போதுமென்று விட சோமனுக்கு மனமே இல்லை.

"நின்னு ஓடுனா மதி."

மூன்று மணிநேரம் கழித்து வந்தபோது படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஷெர்லி புராசசரின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்கில் விரல் வைத்துப் பார்த்தாள். இளஞ்சூடு. பஸ்ஸில் திரும்பும்போது போர்டுப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பாறசாலை வரை ஆன்டோவிடம் பேசிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், இடி இடித்து மழை கொட்டியது. கரண்டு போனது. மழைக்கு ஒதுங்கியவர்கள் படியில் நெருக்கியடித்து நின்றார்கள். ஷெர்லியின் திரை மட்டும் அணையவில்லை. யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த, அவள் மலரின் கடைசிப் படத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கீறல் ஒன்றொன்றாக மறைந்தது. சேலை உடுத்து, பூ வைத்து, இடுப்பில் குடத்தோடு ஒரு நாடக நாயகி தெளிந்து வந்தாள்.

"ஆராக்கும் இது, இவ்வளவு லட்சணமா?" என்றாள் படியில் நின்ற மீன்காரி சுகிர்தபாய்.

மலரைப் பார்க்க வந்து ஷெர்லியின் பக்கத்தில் நின்ற அப்புக்குட்டன் திரும்பினார். "நானாக்கும். அம்பத்தி ஆறுல போட்ட நாடகம்."

மாடி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு திரைக்கு அருகே குனிந்து, அந்தப் பெண்ணின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மக்கா, இத அட்டையில போடலாமா?"

"போடலாமே," என்றாள் ஷெர்லி, சுட்டியை நகர்த்தியபடி. படம் கண்ணிமைக்கும் நேரத்தில் அட்டை நிறைய விரிந்தது.