மீஞ்சூர் வருவதற்குள் கூறு போட்டாக வேண்டும்

நேற்று சாயங்காலம் வேப்பம்பட்டில் எங்கள் பிளாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து சேர்ந்தது. மகள் போனில் வரவழைத்தது. உள்ளே கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ், எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே அளவுத் துண்டுகள். மூடியைத் திறந்ததும் பச்சைக்காய் வாசனை. உங்களுக்கு அது சமையலறை வாசனை. எனக்கு ரயில் வாசனை.

சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நானும் மனைவி செல்வியும் வேறு வேறு கம்பெனியில் இருந்த காலம் அது. வீடு மீஞ்சூரில். சாயங்கால ரயிலில் செல்வியின் கூட்டாளிப் பெண்கள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு காய் வாங்கி வரவேண்டும். ஒருத்தி அவரை, ஒருத்தி பூசணி, ஒருத்தி கேரட். வண்டி கிளம்பியதும் மடியில் செய்தித்தாள், கையில் சின்னக் கத்தி. நறுக்கியதைக் கூறு போட்டால் இறங்கும்போது ஒவ்வொரு பையிலும் எல்லா நிறமும் இருக்கும். சின்னக் குடும்பத்தில் ஒரே காயைக் கிலோவாக வாங்கி நாலு நாள் அதையே பொரித்தால் எந்தப் பிள்ளை தின்னும்? கூட்டத்துக்குத் தலைவி லூர்து அக்கா. பக்கத்தில் தூங்குவதுபோல் நடிக்கும் ஒரே ஆண் நான். அப்படியும் எழுப்பிப் பூண்டு உரிக்க வைத்துவிடுவாள்.

எங்கள் மகள் மோனிஷா அப்போது எல்கேஜி. அவளுக்குத் தெரிந்த ஒரே காய்கறி சிப்ஸ். முகம் வெளிறிக்கொண்டே போனது. ரத்தம் கம்மி, மாத்திரையோடு காய், பழம், கீரை எல்லா நிறத்திலும் கொடுங்கள் என்றார் டாக்டர். தோசைக்குள் ஒளித்துப் பார்த்தோம். போலீஸ் மாதிரி கண்டுபிடித்துத் துப்பினாள். ஒருநாள் என்ன தோன்றியதோ, பீட்ரூட் பொரியலை அவளே கேட்டு வாங்கித் தின்றாள். செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை செல்வி தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். மோனிஷா ஒன்றுக்குப் போனாள். பார்த்தால், சிவப்பு. செல்வியிடம் சொல்லக்கூடத் தோன்றவில்லை. இடுப்பில் கைலி, தோளில் பிள்ளை, வாய்விட்டு அழுதபடி ஸ்டேஷன் பக்கத்து டாக்டரிடம் ஓடினேன். எதிரே, வேலைக்குக் கிளம்பிய லூர்து அக்கா.

"இன்னா நைனா, புள்ளையத் தூக்கிக்கினு எங்க ஓடுற?"

"ரத்தம்க்கா! ஒண்ணுக்கு ரத்தமா போவுது!"

"நேத்து இன்னா துன்னுச்சி?"

"பீட்ரூட்டு. அது இன்னாத்துக்கு இப்போ?"

"அட பேஜாரே! சில பேருக்கு அது அப்பிடித்தான் போவும். நாளைக்கும் போச்சின்னா டாக்டராண்ட காட்டு. இப்போ ஊட்டுக்குப் போயி மொதல்ல ஒரு சட்டையப் போடு."

மறுநாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெருவே சிரித்தது. மோனிஷா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா அழுததை அவள் பார்த்துவிட்டாள். பீட்ரூட் மட்டுமல்ல, கேரட், தக்காளி, மாதுளை, சிவப்பின் சாயல் பட்ட எதையும் அதன்பின் தொடவில்லை. "துன்னா அப்பா அழுவாரு" என்று காரணம் வேறு. மாதக்கணக்கில் ரயிலே சேர்ந்து செய்த வேலையை ஒரே காலையில் கவிழ்த்த பெருமை என்னைச் சேரும்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. மகளைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கே போய் அந்த ரயிலில் ஏறினேன். லூர்து அக்கா அவளை நடுவில் உட்கார்த்தி வைத்தாள்.

"கூறு போடுற வேல ஒனக்கு. ஆனா போடுறவ எல்லாத்துலயும் ஒரு துண்டு துன்னு பாக்கணும். அதான் இங்க சட்டம்."

அப்படி ஒரு சட்டம் அந்த நிமிடம் வரை கிடையாது. வெள்ளரி உள்ளே போனது. கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு மோனிஷா என் முகத்தையே பார்த்தாள். கம்பார்ட்மென்டும் பார்த்தது. அக்கா முழங்கையால் இடித்தாள்.

"மூஞ்சிய நல்லா வச்சிக்கினு இரு நைனா."

ஒரு பீட்ரூட் துண்டைப் பச்சையாகவே கடித்து, மென்று, சிரித்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதற்கும் சிரித்ததில்லை. பொன்னேரி தாண்டியதும், கடக் என்று ஒரு சத்தம். கேரட் பாதியாகியிருந்தது.

இன்று கம்பெனிகள் வாசலுக்கே பஸ் அனுப்புகின்றன. ரயிலில் கத்தியும் செய்தித்தாளுமாக உட்கார யாரும் மிச்சமில்லை. மோனிஷா தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். எல்லா நிறமும் தின்கிறாள், எனக்குத்தான் இன்னும் பீட்ரூட் இறங்கவில்லை. இன்று காலையில் அவள் அந்தக் காயில் செய்த பொரியல் டப்பாவைப் பைக்குள் வைக்கும்போது, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரம்மா உட்காருவார்கள் என்று கேட்டேன்.

"தெர்லப்பா" என்றாள். "டெய்லி அதே அக்காதான். பேரு கேட்டதில்ல."