அவள் பாட வேண்டிய அடி

திருநீறு பூசிய நெற்றிக்குப் பேய், ஆவி என்ற பேச்செல்லாம் ஒட்டாது என்று எண்ணி வாழ்ந்தவன் நான். சிங்கப்பூரை அடுத்த எங்கள் ஊர் மாசாயில், வரிசை வீடுகளில் யாராவது அப்படிக் கதை தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவி சிவகாமியும் நானும் மாலை விளக்கேற்றியதும் பதிகம் பாடுவோம். ஓர் அடி நான், அடுத்த அடி அவள். அவளுக்கு இழுப்பு உண்டு. சொல்லின் நடுவிலேயே மூச்சு வாங்குவாள்.

"வார்த்தைய ரெண்டா ஒடைக்காத" என்பேன்.

"ஒடஞ்சாலும் சாமிக்குப் புரியும். ஒங்களுக்குத்தான் கஷ்டம்" என்பாள்.

அவள் மறைந்த பிறகும் என் அடியை மட்டும் பாடி, அவளுடைய அடிக்கு உரிய நேரம் மௌனமாக இருப்பேன். அந்த மௌனத்தில் அவள் குரலை மனத்துக்குள் கேட்டுக்கொள்வேன். ஒரு மாலை அந்தக் குரல் நினைவுக்கு வரவில்லை. முகம் வந்தது, நடை வந்தது, குரல் மட்டும் வரவில்லை. பதிவு செய்து வைத்ததெல்லாம் மகள் மங்கையின் பழைய கைப்பேசியோடு போயிருந்தது. சிவகாமி இறந்த அன்றைவிட அந்த மாலைதான் நான் தனியனானேன்.

தினமும் எல்லைப் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பும் மங்கை என் முகவாட்டத்தைக் கண்டு, தன் விடுமுறையில் என்னைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப் போனாள். சிறு துறைமுக ஊர் ஒன்றில் தங்கி, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவோம். ஒரு நாள் பாதி இடிந்த கடற்கோட்டை, இன்னொரு நாள் நாரைகள் நிற்கும் உப்பங்கழி. எங்கும் ஆளில்லை.

"இங்க பாக்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லாததுதான்பா அழகு. காஸ்வே பாலத்து ஜாம்ல நின்னு நின்னு எனக்குக் கூட்டமே வேணாம்லா."

அன்று பிற்பகல் ஒரு கடலோரக் குன்றுக்குப் போனோம். மேலே கூரையற்ற பழங்கோயில். எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லை. கீழே படிகள் இறங்கி ஒரு கடற்குகையில் முடிந்தன. மங்கை மேலே படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் இறங்கினேன். அலை அடங்கிப் பச்சை நீர் பாறையைத் தொட்டுத் தொட்டு விலகியது. எவருடைய கோயிலானாலும் விளக்கின்றிக் கிடக்கிறதே என்று மனம் கரைந்து, கைகூப்பி முதல் அடியைப் பாடினேன். குகை அதைத் திருப்பித் தந்தது. அது எதிரொலி என்பதை அறியாதவன் அல்லன் நான். வழக்கம்போல் காத்து நின்றேன்.

அடுத்த அடி வந்தது. நான் பாடாத அடி. உள்ளிருட்டிலிருந்து மெல்ல, சொல்லின் நடுவில் மூச்சு வாங்கி.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்கு அச்சம் வரவில்லை. என் அடியை நான் பாட, அவள் அடியை அவள் பாட, பதிகம் முழுவதும் நிறைந்தது.

"அப்பா, பஸ் போயிரும், ஏறி வாங்க" என்று மங்கை மேலிருந்து கூப்பிட்டாள். ஏறினேன். அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

மாசாய் திரும்பிய மாலையே ஆவலோடு விளக்கேற்றினேன். என் அடியைப் பாடிக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. குகையில் கேட்ட குரலும் மெல்ல நினைவிலிருந்து நழுவிவிட்டது.

ஒரு ஞாயிறு மாலை, பாடி முடித்ததும் மங்கை சமையலறையிலிருந்து பேசினாள்.

"இப்பதான்பா கேக்க நல்லா இருக்கு. அம்மா அடியையும் நீங்களே பாடிடுறீங்க. ஆனா ஏன் அவங்க மாதிரியே வார்த்தைய ஒடைக்கிறீங்க? அவங்கள மட்டும் அப்படித் திட்டுவீங்க."

நான் பாடியது என் அடியை மட்டும்தான். அடுத்த மாலை, என் அடி முடிந்ததும் உதடுகளின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டேன். உதடு அசையவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அப்போது சமையலறையில் மங்கை யாரோ பாடுவதைக் கேட்டுச் சேர்ந்து பாடுவதுபோல் தன் அம்மாவின் அடியை முணுமுணுக்கத் தொடங்கினாள். சொல்லின் நடுவில் நின்றாள். காத்திருந்து, மீண்டும் தொடர்ந்தாள்.

இன்றும் அப்படித்தான். எனக்கு மங்கையின் முணுமுணுப்பு மட்டுமே கேட்கிறது.