பிணத்துக்கு எவ்வளவு பிட்ரேட்?

பிணம் கடைக்கு வந்து பிட்ரேட்டை ஏற்றச் சொன்னது என் தொழில் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. மலேசியாவில், ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த என் வீடியோ கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அது உள்ளே வந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. கையில் ஹெல்மெட் இருந்தது. வந்ததும் வராததுமாக, "தம்பி, என் சாவு எப்படி வந்திருக்குன்னு பாக்கணும்," என்றது.

எடிட்டிங் பழகும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, எந்த கோடெக் நல்லது, பிட்ரேட் எவ்வளவு வைக்கலாம் என்பதுதான். எனக்கு எரிச்சல் வரும். சம்பளம் எவ்வளவு வந்தால் நல்லது என்று கேட்பது போன்ற கேள்வி அது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள், சொல்ல வேண்டும். அதற்கு இந்தப் பிணத்தின் கதைதான் சரி.

1. பாதிப்பட லெட்சுமி

கைத்தொலைபேசி வந்த பிறகு கல்யாண வீடியோவுக்கு ஆள் குறைந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்கள், சொந்த ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள். அவர்களில் ஒருத்தி லெட்சுமி. ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. லீவு நாளில் டைரக்டர். பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம், இப்போது முழுக்க செம்பனை. படம் எடுப்பதும் அங்கேதான், போட்டுக் காட்டுவதும் அங்கேதான்.

அவளுடைய முதல் படத்தைக் கோயில் திடலில் திரை கட்டிப் போட்டார்கள். பாதியில் காற்றடித்துத் திரை செம்பனைக் காட்டுக்குள் போய்விட்டது. இரண்டாவது படத்துக்கு ஜெனரேட்டர் வைத்தார்கள். பாதியில் ஜெனரேட்டர் புகைந்தது. அதற்கப்புறம் அவள் பெயர் பாதிப்பட லெட்சுமி. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது, "ஏய் லெட்சுமி, அந்தப் பொண்ணு கடைசில அவன கட்டுனாளா இல்லையா?" என்று கேட்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். ஆனால் என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒருநாள் கண் கலங்கினாள்.

"அண்ணே, இந்த மூணாவது படமாச்சும் கடைசி வரைக்கும் ஓடணும்ணே. நல்லா இல்லன்னு சொல்லட்டும், பரவால்ல. முடிவப் பாத்துட்டு சொல்லட்டும்."

இதைக் கேட்டதும் எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது. பரிசு வேண்டும், பாராட்டு வேண்டும் என்று வருகிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன்.

மூன்றாவது படம் ஒரு கொலைக் கதை. தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கிறவர், செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் வருகிறார். தடயமான மோதிரத்தை ஒரு கோழி விழுங்கிவிடுகிறது. இன்ஸ்பெக்டர் கோழியைத் துரத்துகிறார். கொலைகாரன் யார் என்பது கடைசிக் காட்சியில்தான் தெரியும்.

பிணமாக நடித்தவர் முனியாண்டி, கோயில் தலைவர். படம் பிடிக்கவும் போட்டுக் காட்டவும் வேண்டிய கோயில் மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்ததால்தான் அந்த வேடம் அவருக்குப் போனது. "வசனம் கெடையாது தலைவரே, ஆனா படம் முழுக்க நீங்கதான்," என்று லெட்சுமி சொல்லியிருக்கிறாள். பொய் இல்லை. முக்கால்வாசிப் படத்தில் அவர் மண்டபத்தின் நடுவே படுத்திருக்கிறார்.

2. கோழி மேலே, தலைவர் கீழே

லெட்சுமி கைத்தொலைபேசியில் படம் பிடிப்பாள். அது H.265 கோடெக்கில் இறுக்கிச் சுருட்டி வைக்கும். என் பழைய கணினிக்கு அதைப் பிரிக்கவே மூச்சு வாங்கும். அதனால் எல்லாவற்றையும் எடிட்டுக்கு லேசான நகலாக, அதாவது புரோக்ஸியாக மாற்றிக்கொள்வேன். வெட்டி ஒட்டி முடித்ததும் ஒரிஜினலைச் சேர்த்து, கடைசியில் H.264-இல் வெளியே எடுப்பேன். பிடிக்க ஒன்று, வெட்ட ஒன்று, கொடுக்க ஒன்று. மூன்றையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள்.

தலைவர் வந்த அன்று வெளியெடுத்த படத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். திரையின் அடியில் பிட்ரேட் வரைபடம் ஓடியது.

"இது என்ன தம்பி, மலை மாரி?"

"அது கோழி தலைவரே. இன்ஸ்பெக்டர் தொரத்துற சீன்."

"பக்கத்துல இந்த வரப்பு மாரி தட்டையா இருக்கே?"

"அது நீங்க."

அவர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் யாராவது கேட்டால் விளக்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. "இங்க பாருங்க தலைவரே. கோடெக்குங்கிறது நாசி லெமாக் பொட்டலம் கட்டுற மாரி. எலையில வச்சு எப்படி மடிக்கிறதுங்கிறது கோடெக். ஒவ்வொரு செகண்டுக்கும் எவ்வளவு சோறு வைக்கிறோம்ங்கிறது பிட்ரேட். கோழி ஓடுது, பறக்குது, தூசி கெளம்புது. அதுக்கு நாப்பது வேணும். நீங்க அசையாம படுத்திருக்கீங்க. உங்களுக்கு மூணு போதும்."

"கோழிக்கு நாப்பது சோறு. எனக்கு மூணு."

"சோறு இல்ல தலைவரே, பிட்ரேட்."

"நீதானேலா சோறுன்னு சொன்ன?"

எங்கள் கோயில்களில் மாலை மரியாதை என்பது விளையாட்டு இல்லை. தலைவருக்கு முதல் மாலை, அப்புறம் செயலாளர், அப்புறம் பொருளாளர். இந்த வரிசை ஒருமுறை மாறிப்போனதில் இரண்டு குடும்பம் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவரிடம், கோழிக்கு அடுத்துதான் நீங்கள் என்று நான் கணினியில் படம் போட்டே காட்டிவிட்டேன்.

"நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும் தம்பி. என்ன கோழிக்குக் கீழ வச்சிட்டு மண்டபத்துல படம் போட முடியாது. சாவி என்கிட்டதான் இருக்கு." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பிணம் போய்விட்டது.

3. சாம்பிராணி

மறுநாள் லெட்சுமி ஓடி வந்தாள். முகமே சரியில்லை.

"அண்ணே, கோழிய கொறச்சு அவருக்கு ஏத்திருங்கண்ணே."

"பிட்ரேட் என்ன பந்தியாம்மா, கேட்டவங்களுக்கு அள்ளி வைக்க? அசையாத படத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது வேணாம்னு சொல்லிரும். கோழியக் கொறச்சா, கட்டம் கட்டமா ஓடும்."

"அப்ப மண்டபம் கெடைக்காதுண்ணே. இந்தத் தடவை பாதிகூட ஓடாது."

தலைவரையும் வரவழைத்து, மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து பேசினோம். இருபத்தைந்து வருடம் வீடியோ தொழில் செய்தவன், ஒரு பிணத்துக்கும் கோழிக்கும் நடுவே பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்தேன். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "அப்ப நான் அசைஞ்சா ஏறுமா?"

"நீங்க பொணம் தலைவரே!" என்று லெட்சுமி கத்தினாள்.

"சரி, கோழிய விட எதுக்கு அதிகம் குடுக்கும் இந்த மிஷினு?"

எரிச்சலில் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "மழை, புல்லு, ஓடுற தண்ணி. எல்லாத்துக்கும் மேல பொகை. பொகையப் பாத்தா எந்த கோடெக்கும் தெணறிரும்."

தலைவர் முகம் மலர்ந்தது. "பொகைதானே? அத முன்னாடியே சொல்றதுக்கு என்னலா? பொணம் கெடக்கிற வீட்டுல சாம்பிராணி போட மாட்டாங்களா?"

அந்த வாரமே மறுபடியும் படப்பிடிப்பு. திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த சாம்பிராணியைத் தலைவரே மூட்டையோடு எடுத்து வந்தார். அவர் தலைமாட்டில் ஒரு தூபக்கால், கால்மாட்டில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. முதல் தடவை பிணம் இருமியது. இரண்டாவது தடவை இன்ஸ்பெக்டருக்குப் பிணம் இருக்கும் இடம் தெரியவில்லை. பூசாரியின் காலைப் பிடித்து நாடி பார்த்தார். பூசாரி இந்தப் படத்திலேயே இல்லை, என்ன புகை என்று பார்க்க வந்தவர்.

கடையில் வரைபடத்தைப் போட்டேன். தலைவரின் காட்சி கோழியைத் தாண்டிக் கூரையை முட்டியது. உச்சவரம்பையும் உயர்த்தச் சொன்னார். உயர்த்தினேன். பெண்டிரைவில் போடுவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"மண்டபத்துல எதுல போடப் போறீங்க தலைவரே?"

"டிவி இருக்குலா. பெரிசு. புதுசு."

போகும்போது, தன் கைத்தொலைபேசியிலும் முழுப் படத்தை ஏற்றித் தரச் சொன்னார். அதில் அந்தப் பெரிய கோப்பு ஏற இடமே இல்லை. அதனால் சின்னதாக, பிட்ரேட் மூன்றில், ஒரு பிரதி எடுத்து ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போன் போட்டார். "தம்பி, டெய்லி பாக்குறேன்லா. பிட்ரேட் ஏத்துனதும் மொகம் எப்படித் தெளிவா இருக்கு பாத்தியா?" ஒரு மனிதனின் சந்தோஷத்தில் போய், அது வெறும் மூன்றுதான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்களா?

4. மண்டபம்

ஞாயிறு சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. டிவி பெரிசுதான். புதுசு என்பது தலைவரின் கணக்கு. அதன் பின்பக்கம் ஒரு பல்லி குடும்பமே இருந்தது. வேறு வழியில்லை. என் கணினி மேசையோடு சேர்ந்தது, தூக்கிக்கொண்டு வர முடியாது. பெண்டிரைவைச் செருகினேன்.

படம் நன்றாகவே ஓடியது. கோழி ஓடும்போது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லெட்சுமி சுவரோரம் நின்று, திரையைப் பார்க்காமல் கூரையையும் ஸ்விட்ச் போர்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சாம்பிராணி வந்தது. புகை மெல்லப் படர்ந்து தலைவரின் முகத்தைத் தொட்டதும் படம் நின்றது. படத்தில் வரும் ஒப்பாரிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

திரை நிறையத் தலைவரின் செத்த முகம். முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்து கைகூப்பினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். மௌன அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் என் காதருகே குனிந்து, "பாத்தியா தம்பி, என் சீன் வந்ததும் மண்டபமே எந்திரிக்குது," என்றார்.

"தலைவரே, படம் மாட்டிக்கிச்சு. உங்க பொகைய இந்த டிவியால முழுங்க முடியல."

திரும்பப் போட்டேன். அதே இடத்தில் நின்றது. தள்ளிப் போட்டேன். டிவி ஒருமுறை அணைந்து, மறுபடி வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "பாதிப்படம்லா! வாங்க போலாம்!" நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. லெட்சுமி சுவரோடு சுவராகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. "தலைவரே, உங்க போனுல படம் இருக்குல்ல? அத பெண்டிரைவுல மாத்தினா இதுல ஓடும்."

"ரெண்டும் ஒண்ணுதானேலா?"

"இல்ல தலைவரே. உங்க போனுல இருக்கிறது சின்னது. மூணுதான். பெரிய டிவில உங்க மொகம் கட்டம் கட்டமாத் தெரியும். கோழிக்கும் அதே மூணு, உங்களுக்கும் அதே மூணு."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இத்தன நாளா நான் டெய்லி பாத்தது?"

"மூணு தலைவரே."

"நல்லாத்தானேலா இருந்துச்சு," என்றார் மெதுவாக. பிறகு லெட்சுமி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். "யாரும் வெளிய போகக்கூடாது! உக்காருங்க! என் மொகம் எப்படித் தெரிஞ்சாலும் பரவால்ல. தம்பி, நீ போடு!"

பையிலிருந்த ஒயரால் பெண்டிரைவைப் போனோடு இணைத்து, படத்தை மாற்றிப் போட்டேன். தலைவரின் முகம் அடுக்கி வைத்த பிஸ்கட் போலத் தெரிந்தது. புகை சாம்பல் நிறச் சுவராக நின்றது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோழிக்குள்ளிருந்து மோதிரம் வந்தபோது பின்வரிசைக்காரன்தான் முதலில் விசிலடித்தான். கொலைகாரன் யார் என்று நான் இங்கே சொன்னால் லெட்சுமி என்னைச் சும்மா விடமாட்டாள்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். பிட்ரேட் யாருக்கும் போடும் மாலை இல்லை. எந்த டிவியில் ஓடப்போகிறதோ அதை உங்கள் கண்ணால் போய்ப் பாருங்கள். தலைவர் சொன்னார் என்று நம்பாதீர்கள். பெரிய கோப்போடு ஒரு சின்னக் கோப்பும் கையில் இருக்கட்டும். பார்க்கிறவர்கள் கதைக்குள் போய்விட்டால் கட்டத்தை எண்ண மாட்டார்கள்.

கடைசிப் பெயர் திரையில் ஏறி மறைந்தது. விளக்கு போட்டார்கள். தலைவர் தாழ்ப்பாளைத் திறந்தார். கூட்டம் வெளியே போகும்போது அந்தப் பின்வரிசைக்காரன் சத்தமாகச் சொன்னான்: "என்னாலா இது, முடிவு நல்லாவே இல்ல!"

லெட்சுமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, கேட்டீங்களா? முடிவு நல்லா இல்லையாம்ணே!"